புளியங்கொட்டையும் ஏழாவது அட்டவணையும்

“டீச்சர், பிரதமர் ஒரு வார்த்தை சொன்னா கர்நாடகா தண்ணி விட்டுடும்ல? அப்புறம் ஏன் கோர்ட்டுக்குப் போயிட்டே இருக்காங்க?”

காவிரிப் பாசனத்துக்காக வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்படாமல் போன 2024ஆம் ஆண்டில், ஒன்பதாம் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் இப்படிக் கேட்டான். எங்கள் பள்ளி திருவாரூர் மாவட்டத்தின் கடைமடையில் இருக்கிறது. அந்த ஆண்டு அவன் வீட்டில் குறுவை போடவில்லை. பாடத்தில் வந்த ஐயத்தை அவன் கேட்கவில்லை, வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டான். விடை சொல்ல வாயெடுத்தபோதுதான், பல ஆண்டுகளாக நான் நடத்திவந்த கூட்டாட்சிப் பாடம் அவனுடைய கேள்விக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அவன் மனத்தில் இருந்த படத்தை வரைந்தவளே நான்தான். ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போடுவேன். உச்சியில் மத்திய அரசு, நடுவில் மாநில அரசு, அடியில் உள்ளாட்சி. பார்க்க எளிதாக இருக்கும், பிள்ளைகளும் சட்டென்று வரைந்துகொள்வார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும் பிள்ளை அதில் தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் காண்கிறது. வகுப்புத் தலைவனுக்கு மேலே வகுப்பாசிரியர், அவருக்கு மேலே தலைமையாசிரியர், அவருக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர் என்று ஒரு வரிசைக்குள்ளேயே வளர்கிற பிள்ளைக்கு, முதலமைச்சர் என்பவர் பிரதமரின் கீழ் வேலை பார்க்கும் ஓர் அதிகாரியாகத்தான் தெரிவார். மேலதிகாரி சொன்னால் கீழே இருப்பவர் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அவர் அடங்காதவர். இந்த எண்ணம் மனத்தில் ஊன்றிய பிறகு, எந்த அதிகாரம் எந்த அரசுக்கு என்று பிரிக்கும் மூன்று பட்டியல்களையும் அவற்றின் எண்ணிக்கையையும் எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் அவை அந்த முக்கோணத்துக்கு அலங்காரமாகத்தான் போய்ச் சேரும்.

ஆகவே நான் அந்த முக்கோணத்தை விட்டுவிட்டேன். அதன் இடத்தில் எதை வைப்பது என்று இந்தச் சில ஆண்டுகளில் நான் முயன்று பார்த்தவற்றை, இதே பாடத்தை நடத்துகிற மற்ற ஆசிரியர்களுக்கும் வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தரும் பெற்றோருக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதல் தடை சொற்களிலேயே இருக்கிறது. ‘கூட்டாட்சி’ என்றவுடன் பாதி வகுப்பு ‘கூட்டணி ஆட்சி’ என்று புரிந்துகொள்கிறது. தேர்தல் காலத்தில் வீட்டுத் திண்ணையில் அவர்கள் கேட்கும் சொல் அதுதான். பல கட்சிகள் சேர்ந்து ஆள்வது கூட்டாட்சி என்று தேர்விலும் எழுதி வைக்கிறார்கள். அடுத்தது ‘ஒன்றியம்’. கிராமத்துப் பிள்ளைக்கு ஒன்றியம் என்றால் ஊராட்சி ஒன்றியம், அதாவது பிடிஓ ஆபீஸ். ‘ஒன்றிய அரசு’ என்று நான் சொன்னபோது, “அங்கதான் டீச்சர் எங்க அம்மா நூறு நாள் வேலை பத்திக் கேக்கப் போனாங்க” என்றாள் ஒரு மாணவி. அந்த இடத்தில் அவளைத் திருத்திவிட்டுக் கடந்து போவதைவிட, ஏன் இரண்டுக்கும் ஒரே சொல் என்று நின்று பேசுவது நல்லது. பல ஊராட்சிகள் சேர்ந்தது ஊராட்சி ஒன்றியம். அரசியலமைப்பின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. கூட்டாட்சி என்ற சொல்லால் அது நாட்டைக் குறிப்பிடவே இல்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் இதற்குக் காரணம் சொன்னார். மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு உருவாக்கிய அமைப்பு இது இல்லை என்பதும், ஆகவே எந்த மாநிலமும் பிரிந்து போகும் உரிமை கொண்டதில்லை என்பதும் அவருடைய விளக்கம். அதே உரையில், காலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப ஒற்றையாட்சியாகவும் கூட்டாட்சியாகவும் இயங்கக்கூடிய அமைப்பு இது என்றும் சொன்னார். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இது புரியாது என்று நான் நினைத்திருந்தேன். நன்றாகவே புரிகிறது.

இரண்டாவதாக, ஓர் ஓட்டல் பில்.

திருவாரூரில் குடும்பத்தோடு காலைச் சிற்றுண்டி சாப்பிட்ட பில் ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். அதைப் பெரிதாக நகலெடுத்து, ஐந்து பேருக்கு ஒன்று என்று கொடுத்துவிடுவேன். இட்லி, பொங்கல், காபி எல்லாம் சேர்த்து 200 ரூபாய். அதன் கீழே இரண்டு வரிகள்: சிஜிஎஸ்டி 2.5 சதவீதம், 5 ரூபாய், எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம், 5 ரூபாய். ஆக மொத்தம் 210. “இந்த ரெண்டு அஞ்சு ரூபாயும் யாருக்குப் போகுது?” என்று மட்டும் கேட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். முதலில் வரும் விடை எப்போதும் ஒன்றுதான்: எல்லாம் ‘கவர்மென்ட்டுக்கு’. எந்தக் கவர்மென்ட் என்ற கேள்வி அதுவரை அவர்களுக்குள் எழுந்ததே இல்லை. சி என்றால் சென்ட்ரல், எஸ் என்றால் ஸ்டேட் என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்தவுடன் வகுப்பு விழித்துக்கொள்ளும். ஒரே இட்லி மீது ஒரே நேரத்தில் இரண்டு அரசுகள் தனித்தனியாக வரி போடுகின்றன. ஓட்டல்காரர் மாநிலத்துக்கான ஐந்து ரூபாயை டெல்லியிடம் கொடுத்து, டெல்லி மனமிரங்கி நமக்கு அனுப்பி வைப்பதாக அந்தத் தாளில் இல்லை. ஒரே குடிமகனை இரண்டு அரசுகள் நேரடியாகத் தொடுவதுதான் கூட்டாட்சி என்பதை, அந்த இரண்டு வரிகளைக் காட்டிலும் தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு வேறொரு பில்லைக் காட்டுவேன். வெளிமாநில விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கிய செருப்புக்கான பில் அது. அதில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் இல்லை, ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரிதான் இருக்கிறது. அதை ஒன்றிய அரசு வசூலித்து, மாநிலப் பங்கைப் பொருள் போய்ச் சேர்ந்த மாநிலத்துக்குக் கொடுக்கிறது. “செஞ்சவங்களுக்குக் குடுக்காம வாங்கினவங்களுக்கு ஏன்?” என்று ஒரு மாணவி கேட்டாள். தொழிற்சாலைகள் மிகுந்த தமிழ்நாடு, இந்த வரி வருவதற்கு முன் இதே கேள்வியைத்தான் எழுப்பியது என்றேன். 2017 ஜூலை 1 முதல் ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதற்குப் பின்னாலும் இந்தக் கவலை இருந்தது.

வரி விகிதங்களைப் பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி மன்றத்தின் வாக்குக் கணக்கைக் கரும்பலகையில் போடுவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 279ஏ உறுப்பின்படி ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். இதை வைத்துக்கொண்டு யாரை யார் தடுக்க முடியும் என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். ஒன்றிய அரசு எதிர்த்தால் மாநிலங்கள் எல்லாம் ஒன்றாக நின்றாலும் 66.7தான் வரும், 75 வராது. மாநிலங்கள் கணிசமாகத் துணை நிற்காமல் ஒன்றிய அரசாலும் எதையும் நிறைவேற்ற முடியாது. மாநிலங்களுக்குள் தமிழ்நாட்டுக்கும் கோவாவுக்கும் ஒரே மதிப்பு என்றவுடன் வகுப்பில் சண்டையே வந்துவிடும். சில பிள்ளைகள் அநியாயம் என்பார்கள். சின்ன ஊருக்கு இங்கேயாவது மதிப்பு இருக்கட்டுமே என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே அரசியலறிஞர்கள் சொல்லும் வாதங்கள்தாம். அந்த வாதங்களுக்குப் பின்னவெண் கணக்கு ஒன்றின் வழியாகவே பிள்ளைகள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

பட்டியல்களுக்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. தொடக்கத்தில் ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப்பட்டியலில் 47 என்று இருந்த எண்ணிக்கையைக் கேள்வித்தாள் கேட்கும், ஆகவே சொல்லித்தருகிறேன். ஆனால் இந்த மூன்று பட்டியல்களும் அடங்கிய ஏழாவது அட்டவணையைப் பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே உள்ள சாலையிலேயே படித்துவிடலாம். அஞ்சலகமும் ரயில்வே கேட்டும் ஒன்றியப் பட்டியல். காவல் நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் மாநிலப் பட்டியல். மின்கம்பமும் எங்கள் பள்ளியும் இரண்டு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியல். ரேஷன் கடை முன்னால் மட்டும் எல்லாரும் குழம்பி நிற்பார்கள். அரிசியில் ஒரு பகுதி ஒன்றிய அரசின் ஒதுக்கீடு, எல்லாக் குடும்பங்களுக்கும் அட்டை என்பது மாநில அரசின் முடிவு, கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம். குழம்பட்டும் என்று விட்டுவிடுகிறேன், உண்மை நிலையும் அதுதானே.

இப்போது காவிரி. அந்த மாணவனின் கேள்விக்கு நான் விடை சொல்ல முயன்றது 74 புளியங்கொட்டைகளை வைத்து.

சராசரி ஆண்டில் காவிரிப் படுகையில் கிடைப்பதாகக் காவிரி நடுவர் மன்றம் எடுத்துக்கொண்ட நீர் 740 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஒரு கொட்டைக்குப் பத்து டிஎம்சி என்று வைத்துக்கொண்டு, வகுப்பைக் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி என்று நான்காகப் பிரிப்பேன். பையைக் கர்நாடகக் குழுவின் கையில் கொடுத்துவிடுவேன், ஏனென்றால் ஆறு அங்கேதான் பிறக்கிறது. பதினைந்து நிமிடத்துக்குள் நீங்களே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் விதி.

நான் பார்த்தவரை ஒருமுறைகூட அவர்கள் பேசி முடித்ததில்லை. தன் வாழ்நாளில் கர்நாடகத்தைப் பார்த்திராத, கடைமடை விவசாயியின் மகள் ஒருத்தி, பை கைக்கு வந்த ஐந்தாவது நிமிடத்தில், “மழை பெய்யிறது எங்க மலையில, எங்க ஊருக்குக் குடிக்கத் தண்ணி வேணாமா?” என்று எழுந்து நின்று கேட்டாள். தமிழ்நாட்டுக் குழுவிலிருந்த அவளுடைய சித்தப்பா மகன், “நாங்க கல்லணை கட்டுன காலத்துலேர்ந்து இந்தத் தண்ணியிலதான் வெள்ளாமை பண்றோம்” என்றான். கேரளக் குழுவை யாரும் பொருட்படுத்தவில்லை. புதுச்சேரிக் குழுவில் இருந்த இருவர், காரைக்கால் இங்கேதானே இருக்கிறது, எங்களை ஏன் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். இந்தப் பதினைந்து நிமிடத்துக்குள், 1892, 1924 ஒப்பந்தங்களிலிருந்து தொடங்கிய ஒரு வழக்கின் முக்கிய வாதங்கள் ஏறக்குறைய எல்லாமே மேசைமீது வந்து விழுந்துவிட்டன.

அப்போதுதான் அந்தக் கேள்விக்குத் திரும்பினேன். பிரதமர் சொன்னால் போதாதா? தண்ணீர் மாநிலப் பட்டியலில் பதினேழாவது. ஆனால் பல மாநிலங்களில் ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது ஒன்றியப் பட்டியலில் ஐம்பத்தாறாவது. பிரதமர் கர்நாடக முதலமைச்சரின் மேலதிகாரியாக இருந்திருந்தால் ஓர் உத்தரவில் முடிந்திருக்கும். அப்படி இல்லாததால்தான் 1956இல் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டம் வந்தது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. அந்தத் தீர்ப்பின்படி கொட்டைகளை எண்ணி வைத்தோம். தமிழ்நாட்டுக்கு 404.25 டிஎம்சி, அதாவது நாற்பது கொட்டையும் இன்னொன்றில் ஒரு துண்டும். கர்நாடகத்துக்கு 284.75, அதாவது இருபத்தெட்டரை. கேரளத்துக்கு 30, அதாவது மூன்று கொட்டை. புதுச்சேரிக்கு 7 டிஎம்சி, ஒரு கொட்டைகூட முழுதாக இல்லை. சுற்றுச்சூழலுக்கென்று 10 டிஎம்சி, தடுக்க முடியாமல் கடலில் சேர்வதற்கு 4. கொட்டையை எப்படி உடைப்பது என்று வகுப்பில் பெரும் விவாதம் நடந்தது. சுற்றுச்சூழலுக்கு ஒரு கொட்டையை ஒதுக்க எந்தக் குழுவுக்கும் மனம் வரவில்லை. முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவன்தான், ஆற்றுத்தண்ணீர் வராவிட்டால் அலையாத்திக்காடு என்னவாகும் என்று கேட்டு அதை வாங்கிக்கொண்டான்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் கட்டாயம் சொல்வேன், ஏனென்றால் பெரியவர்களே பலர் அறியாதது அது. தமிழ்நாட்டின் 404.25 டிஎம்சியில், கர்நாடகம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 177.25 மட்டுமே. மீதி 227 நம் எல்லைக்குள் பெய்யும் மழையிலிருந்தும் பவானி, நொய்யல், அமராவதி போன்ற நம் துணையாறுகளிலிருந்தும் வருவது. இதைச் சொன்ன அன்று வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. மழை குறைந்த ஆண்டில் கொட்டை 74 இருக்காது, ஐம்பதுதான் இருக்கும், அப்போது எப்படிப் பிரிப்பது என்று ஒருத்தி கேட்டாள். 2018 ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் வேலையே அதுதான் என்றேன். அந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முக்கோணத்தை அழித்துவிட்டேன் என்று மேலே சொன்னேன். ஆனால் பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால், அந்த முக்கோணத்தில் எவ்வளவு உண்மை உண்டு என்பதையும் ஒரு பாடவேளை முழுக்கப் பேசுகிறேன். நம் அரசியலமைப்பு ஒன்றியத்தின் பக்கம் சாய்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் உறுப்பின்படி நாடாளுமன்றம் ஒரு மாநிலத்தைப் பிரிக்கலாம், எல்லையை மாற்றலாம், பெயரை மாற்றலாம். அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் ஏற்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது, ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்துவிட்டது. எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள் 248ஆம் உறுப்பின்படி ஒன்றியத்துக்குப் போகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இன் 42ஆவது திருத்தம் கல்வி, காடுகள் உள்ளிட்ட ஐந்து பொருள்களை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு நகர்த்தியது. நீட் தேர்வு பற்றிய வாக்குவாதத்தைத் தொலைக்காட்சியில் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, அது இன்று பேசப்படும் முறையில் பேசப்படுவதற்கு அந்தத் திருத்தமும் ஒரு காரணம் என்று தெரிந்திருக்க வேண்டும் என நான் உறுதியாக நினைக்கிறேன்.

மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர வழிசெய்யும் 356ஆம் உறுப்பை நடத்தும்போது தமிழ்நாட்டு ஆசிரியருக்குத் தனிக் கவனம் வேண்டும். பிள்ளைகளின் வீட்டு வாசலில் கொடிக்கம்பம் இருக்கிறது, அப்பா கிளைச் செயலாளராக இருக்கலாம். நான் ஆண்டுகளை மட்டும் எழுதுவேன். தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991. முதலிலும் கடைசியிலும் கலைக்கப்பட்டது திமுக ஆட்சி, நடுவில் இரண்டு முறையும் அதிமுக ஆட்சி. எந்தக் கொடி பறக்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கும் இது தன் வீட்டுக் கதையாக ஆகிவிடுகிறது. பிறகு கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கின் 1994 தீர்ப்புக்கு வருவேன். பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் முடிவு செய்ய முடியாது, சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. கூட்டாட்சி அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்பதும் அந்தத் தீர்ப்பில் உறுதியானது. அதற்கு முன்பும் பின்பும் எத்தனை மாநில அரசுகள் கலைக்கப்பட்டன என்று தேடிப் பார்க்கச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுக்கிறேன்.

சாய்வைச் சொன்ன கையோடு ஜல்லிக்கட்டையும் சொல்கிறேன். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு 2017 ஜனவரி என்பது அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த ஒரு கூட்டம். விலங்குகளை வதைப்பதைத் தடுப்பது பொதுப்பட்டியலில் பதினேழாவது. ஒன்றியச் சட்டம் 1960லேயே வந்துவிட்டது. பொதுப்பட்டியலில் இரண்டு சட்டங்கள் முரண்பட்டால் ஒன்றியச் சட்டமே நிற்கும், ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றால் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் நிற்கும் என்கிறது 254ஆம் உறுப்பு. தமிழ்நாடு அந்த வாசல் வழியாகத்தான் போனது. 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதித்த அந்தத் திருத்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. மெரினாவில் கூடியவர்களின் குரல் சட்டமாவதற்கு இப்படி ஒரு வழி தேவைப்பட்டது என்பதைப் பிள்ளைகள் மிகுந்த ஆர்வத்தோடு கேட்கிறார்கள், எந்தப் பட்டியலில் எது இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு ஒரு பொருட்டாகிறது.

சென்ற அரையாண்டுத் தேர்வில் “கூட்டாட்சி என்றால் என்ன?” என்று இரண்டு மதிப்பெண் வினா ஒன்று இருந்தது. புளியங்கொட்டைப் பையை வைத்துக்கொண்டு சண்டை போட்ட அந்த மாணவி இப்படி எழுதியிருந்தாள்: “ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு இரண்டு அரசு இருக்கும். இரண்டுக்கும் அதிகாரம் கொடுத்தது அரசியலமைப்பு. ஒன்று இன்னொன்றின் வேலைக்காரர் இல்லை. சண்டை வந்தால் புத்தகத்தைப் பார்க்க வேண்டும், புத்தகம் புரியவில்லை என்றால் நீதிமன்றம் போக வேண்டும்.” முழு மதிப்பெண் கொடுத்தேன். ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவளுடைய விடைத்தாளை நான் திருத்தப் போவதில்லை. ஆகவே மறுநாள் அவளைக் கூப்பிட்டு, முதலில் பாடநூலில் உள்ள இலக்கணத்தை அப்படியே எழுதிவிட்டு, இடம் இருந்தால் அதன் கீழே இதையும் எழுது என்று சொல்லி அனுப்பினேன்.